கிலுகிலுப்பைக்குப் போட்ட புகை

ஆவணி பிறந்து பத்து நாள் ஆகவில்லை, ஜெகனுடைய கேம் பொட்டி செத்துப்போனது. மானாம்பதியில் அதற்காகத் துக்கப்பட்டவன் ஜெகன் ஒருவன்தான். அவன் அப்பா சுப்ரமணி அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொண்டார்.

பொட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கை நீளம், இரண்டு விரல் கனம். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், கட்டைவிரலுக்கு ஒன்றாக இரண்டு குமிழ்கள். உள்ளே இருப்பது முழுக் கம்ப்யூட்டர். மேசை வேண்டாம், நாற்காலி வேண்டாம், மல்லாந்து படுத்துக்கொண்டே விளையாடலாம். தன் புருஷனை மனதில் வைத்துத்தான் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று கீர்த்தி நினைத்துக்கொள்வாள். நவரைப் பட்டத்து நெல்லை விற்ற கையோடு சென்னைக்குப் போய் வாங்கி வந்தானாம். சுப்ரமணிக்கு அதன் பெயர் வாயில் நுழையவில்லை. நுழைய விடவும் அவருக்கு விருப்பமில்லை. கிலுகிலுப்பை என்றே சொல்லுவார். "கிலுகிலுப்பய கீய வெச்சிட்டு வந்து மூட்டய புடிடா" என்று களத்திலிருந்து அவர் கத்துவது ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

கீர்த்தி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது வைகாசியில். அதற்கு முன்பு ஐந்து வருஷம் ஒரகடம் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். முதல் மூன்று வருஷம் பெல்ட்டில் நின்று கேமரா பொருத்தினாள். அதன் பிறகு ரிவொர்க் பெஞ்சுக்கு ஏற்றினார்கள். சோதனையில் தோற்றுப்போன போன்களெல்லாம் அந்த பெஞ்சுக்குத்தான் வரும். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே வைத்துத் திறந்து, எங்கே தப்பு என்று கண்டுபிடித்து, சரிசெய்து அனுப்ப வேண்டும். முந்நூறு பெண்கள் இருக்கிற ஷிப்டில் அந்த பெஞ்சுக்கு நாலு பேர்தான். ஆகவே ஒரு பொருளை ஒருவன் எப்படி வைத்துக்கொள்கிறான் என்று பார்த்தே அவனை எடைபோடுகிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்னாலேயே பயன்பட்டிருக்க வேண்டியது. பெண் பார்க்க வந்த அன்று ஜெகன் பொட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

முறுக்குத் தின்ற கையோடு விளையாடுவான். பொத்தான் இடுக்கெல்லாம் எண்ணெய் ஏறி அழுத்தினால் பிசுக்கென்று ஒட்டும். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்புக்கு மெஷின் வந்து வயலில் ஓடும்போது, பார்த்துக்கொள்ளப் போனவன் வரப்பில் குந்திக்கொண்டு, சுணை பறக்கிற புழுதியில் அதைத் தட்டிக்கொண்டிருப்பான். ஆள் வேலை பார்க்கிறானா, வேலை ஆளைப் பார்க்கிறதா என்றே தெரியாது. படுக்கும்போது பொட்டியைத் தலையணைமேல் வைப்பான். பின்பக்கத்து ஓட்டைகள் மூடிக்கொள்ளும். "அதான் காத்து இழுக்குற எடம், அத்த மூடாதீங்க" என்று கீர்த்தி ஒரே ஒருமுறை சொன்னாள். "இதெல்லாம் உனுக்குத் தெரியாது" என்றான். சரி, தெரியாது என்று விட்டுவிட்டாள். தான் விளையாடுவதை நெட்டில் காட்ட ஒரு சேனல் வேறு வைத்திருந்தான். அதைப் பார்க்கிறவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். பாதிப்பேர் சொந்தக்காரர்கள், கல்யாண வீட்டில் பிடித்து அமுக்கச் சொன்னது.

ஆடி கடைசியிலிருந்தே பொட்டிக்கு உடம்பு சரியில்லை. பத்து நிமிஷம் ஓடினால் உள்ளேயிருக்கிற ஃபேன் ஊளையிடும். முதுகு தோசைக்கல்லாகச் சுடும். படம் நகராமல் திக்கும். பிறகு தானாக அணைந்துவிடும். கடைசியில் ஒரு வியாழக்கிழமை, போட்ட இரண்டாவது நிமிஷமே அணைந்தது. அடுத்த தடவை எழவே இல்லை.

அதே வியாழக்கிழமைதான் கம்பெனியிலிருந்து லைன் லீடர் பூஜா போன் பண்ணினாள்.

"கீர்த்தி, நான் எவ்ளோ நாள்தான் சொல்லிக்கிட்டே இருக்கிறது? திங்கக்கிழம காலைல நீ பெஞ்ச்ல இல்லன்னா வேற பொண்ண போடச் சொல்லிட்டாங்க. அப்புறம் நீ வந்தாலும் புது ஆளா பெல்ட்லதான் சேரணும். அதுவும் எடம் இருந்தா."

"வந்துடுறேன் பூஜா."

"போன மாசமும் இதத்தான் சொன்ன."

போன மாசம் சொன்னது பொய்யில்லை. கல்யாணம் பேசும்போதே, வேலைக்குப் போவேன் என்று சொல்லித்தான் சம்மதித்தாள். அவர்களும் தலையை ஆட்டினார்கள். கல்யாணம் முடிந்ததும் விருந்து முடியட்டும் என்றார்கள். விருந்து முடிந்ததும் ஆடி வருகிறது, புதுப்பெண், அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும் என்றார்கள். தென்னேரியில் அம்மா வீட்டில் ஒரு மாசம் சும்மா உட்கார்ந்திருந்து வந்தால், அறுப்பு முடியட்டும் என்றார்கள். மாமியார் கோவிந்தம்மாள் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. அடுத்து என்ன முடிய வேண்டும் என்று மட்டும் சொல்லுவாள். அந்த வீட்டில் எது முடிந்தாலும் அதற்குப் பின்னால் முடிய வேண்டியது ஒன்று தயாராக நின்றுகொண்டிருக்கும். கீர்த்திக்கு அந்த பெஞ்சின் விளக்கு கனவில் வந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் ஜெகன் உத்திரமேரூர் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டு, போன மாதிரியே பொட்டியோடு திரும்பினான். சுப்ரமணி கூடத்தில் குந்தி நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேழ்வரகு அடையும் வேர்க்கடலைத் துவையலும்.

"இன்னாடா, கிலுகிலுப்ப பொயச்சிச்சா?"

"ஐசக்கு இத்த தொட மாட்டேன்னுட்டான்பா. போனுன்னா தொறப்பானாம். இதுல கைய வெச்சி இன்னாவாச்சும் ஆயிட்டாக்கா அவன் பொறுப்பு இல்லியாம். மெட்ராஸ்க்கு அனுப்புனா இருவது நாளு ஆவும்ன்றான். நாளிக்கி மேட்ச்சு கீது எனுக்கு."

"நாளிக்கி நெல்லு கீது எனுக்கு. கொள்முதல்ல நம்ம குமி ஏயாவதா நிக்கிது. சாயங்காலம் மய புடிச்சிச்சின்னா தார்ப்பாய் இய்க்க ஆள் ஓணும். மேட்ச்சாம் மேட்ச்சு."

"பஞ்சர் கடையாண்ட எட்துக்கினு போயி காத்து அட்ச்சிப் பாக்கறேன்."

கீர்த்தி அடையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள். "பஞ்சர் கடக் காத்துல தண்ணி வரும். போர்டு நனஞ்சா அப்பால ஒண்ணும் பண்ண முடியாது. ஃபேனு ரெக்கயும் ஒடஞ்சிடும். நான் வோணா தொறந்து பாக்கட்டா?"

ஜெகன் சிரித்தான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான், அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் கேட்டார்களா என்று உறுதிசெய்துகொண்டான்.

"நீயா? இன்னா, போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டி டப்பால போட்ற வேலன்னு நெனச்சிக்கினியா? இது கம்ப்யூட்டர்டி."

கட்டிக்கொண்டு மூன்று மாசமாகியும் அவன், பெண்டாட்டி என்ன வேலை செய்தாள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. ஸ்டிக்கர் ஒட்டினாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். கீர்த்திக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிராளி ஒரு அளவுக்கு இருக்க வேண்டுமே.

"நான் ஓட வெச்சிட்டாக்கா?" என்றாள்.

"நீ மட்டும் இத்த ஓட வெச்சிடு, திங்கக்கெயம காலைல நானே உன்ன பைக்ல இட்டுக்கினு போயி கம்பெனி பஸ்ஸாண்ட வுட்டுட்டு வரேன்."

"டேய்," என்றார் சுப்ரமணி, அடையை மென்றுகொண்டு. "சொல்ட்டு அப்பால மாத்திப் பேசக் கூடாது."

"நீ ஒண்ணுப்பா. இவளாவது, ஓட வெக்கிறதாவது."

கோவிந்தம்மாள் மகன் கையிலிருந்து பொட்டியை வாங்கி முந்தானையால் துடைத்துக் கீர்த்தியிடம் கொடுத்தாள். குழந்தையைத் தாதியிடம் கொடுக்கிற மாதிரி அவ்வளவு சந்தேகம் அந்த முகத்தில்.

கீர்த்தி பதினோரு மணி பஸ்ஸில் உத்திரமேரூர் போனாள். ஐசக்கின் கடை பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது. அவன் தங்கச்சி கீர்த்தியோடு அதே ஷிப்டில் வேலை பார்க்கிறவள்.

"ஐசக்கண்ணா, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு ஓணும். போர்டு தொடைக்கிற ஸ்பிரிட்டு, சிப்பு மேல தடவுற பேஸ்ட்டு. கொஞ்சமா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ தொறக்கப் போறியா? அட, அத்த காலைலியே சொல்லியிருந்தா நான் இங்கியே உன்னாண்ட குடுத்துட்டிருப்பேனே. அவுரு உன் பேரையே எடுக்கலியேம்மா."

"அவுருக்குத் தெரியாதுண்ணா."

"வூட்டுக்காரருக்குத் தெரியாதா?" என்றபடியே அலமாரியைத் திறந்தான். ஸ்பிரிட்டைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். பேஸ்ட் டியூபில் பாதி இருந்தது, அப்படியே கொடுத்தான். ஸ்க்ரூடிரைவர் பச்சைப் பிடி போட்டது, அவனுடைய சொந்த உபயோகத்தில் இருந்தது. "வேல முடிஞ்சா குடு, முடியலன்னா வெச்சிக்கோ" என்றான்.

மத்தியானம் அறைக்கதவைச் சாத்தினாள். சேலையை அவிழ்த்துவிட்டுப் பருத்தி நைட்டி போட்டுக்கொண்டாள். நைலான் சேலை உரசினால் வருகிற மின்சாரம் ஒன்று போதும், போர்டு போய்விடும். கம்பெனியில் மணிக்கட்டில் ஒயர் கட்டிவிடுவார்கள். இங்கே அதற்கு வழியில்லை, பீரோவின் இரும்பைத் தொட்டுக்கொண்டாள். மேலே சுற்றுகிற ஃபேனையும் நிறுத்தினாள், ஆவணிப் புழுக்கம் அறையில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பொட்டியின் உருவத்தைப் பென்சிலால் வரைந்தாள். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றியதும் படத்தில் அதன் இடத்திலேயே குத்தி வைத்தாள். எட்டு. ஆறு குட்டை, இரண்டு நீளம். நீளத்தைக் குட்டை இருந்த இடத்தில் முறுக்கினால் முன்பக்கம் திரையைக் குத்திவிடும். இதெல்லாம் அவளுக்கு யோசிக்காமலே கையில் வந்தது. இடையில் சோறு வடித்த கை எதையும் மறக்கவில்லை.

பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து மெதுவாக நெம்பினாள். டக், டக் என்று பல் விட்டு முதுகு கழன்று வந்தது.

கழன்றதும் உள்ளேயிருந்து சாமி வாசனை அடித்தது.

கீர்த்தி மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சந்தேகமே இல்லை. சாம்பிராணி. கம்பெனியில் ஆயிரக்கணக்கான போனைத் திறந்திருக்கிறாள். தண்ணீர் புகுந்தது, எறும்பு புகுந்தது, ஒருமுறை வெல்லப்பாகு புகுந்தது. சாமி புகுந்த மெஷினை இப்போதுதான் பார்க்கிறாள்.

முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். பிறகு ஃபேனைக் கழற்றினாள். இறக்கைகளில் பழுப்பாகப் பிசின் படிந்திருந்தது. அந்தப் பிசினில் வயலின் சுணையும் உமித்தூளும் தலைமுடியும் ஒட்டி, காற்று வெளியே போகிற தகட்டு இடுக்கை அடைத்துக்கொண்டு ஒரு கெட்டிக் கம்பளித் துண்டு மாதிரி நின்றது. வெறும் தூசியாக இருந்தால் ஊதினாலே போயிருக்கும். புகை ஏறிய பிசின் அதை மெத்தையாகத் தைத்துவிட்டது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். முழுசாக வந்தது, கட்டைவிரல் அளவு. ஊறுகாய் பாட்டில் மூடியில் அதைப் போட்டு ஜன்னலில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. ரிவொர்க் பெஞ்சில் தப்புக்குக் காரணமான பொருளை எறியக் கூடாது, ரிப்போர்ட்டோடு வைக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான்.

சிப்பின் மேலிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள், புது பேஸ்ட்டை அரிசி அளவு வைத்தாள். பிள்ளைகள் பல் விளக்குகிற மெத்தென்ற பிரஷ் ஒன்று கிடந்தது. அதால் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். குமிழ்களுக்கு அடியிலிருந்து முறுக்குத்தூள் கொட்டியது, ஒரு காக்கைக்குப் போடுகிற அளவு. இவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு இந்த மெஷின் இத்தனை நாள் ஓடியதே என்று அதன்மேல்தான் அவளுக்கு இரக்கம் வந்தது. ஃபேனையும் பேட்டரி ஒயரையும் திரும்ப மாட்டி, முதுகை மூடி, எட்டுத் திருகாணியையும் படத்திலிருந்து எடுத்து முறுக்கினாள். பொத்தானை அமுக்கினாள். ஃபேன் மெல்லிய மூச்சாகச் சுற்றியது. திரை வெளுத்து, நிறம் ஏறி நின்றது.

சாயங்காலம் பொட்டியைக் கொடுத்தபோது ஜெகன் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. "எதுவும் அழிஞ்சிடலியே?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மேட்ச். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வராமல் ஏமாற்றியது. சுப்ரமணி கொள்முதல் நிலையத்திலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஜெகன் கூடத்தில் குந்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "லெஃப்டு லெஃப்டு, ஏறுடா" என்று யாரையோ ஏவினான். ஒன்பது நிமிஷத்தில் தோற்றான். நெட்வொர்க் சரியில்லை என்றான். பொட்டி மட்டும் சூடே ஏறாமல் அவன் கையில் சமர்த்தாக இருந்தது.

"நாளிக்கிக் காலைல நாலே முக்காலுக்குக் கெளம்பணும்" என்றாள் கீர்த்தி.

"எங்க?"

"பஸ்ஸாண்ட வுடுறேன்னு சொன்னீங்களே."

"ஏய், அத்த போயி நெசம்னு எடுத்துக்கினியா? சொம்மா சொன்னது அது."

அப்போதுதான் கோவிந்தம்மாள் சமையலறையிலிருந்து தூபக்காலோடு வந்தாள். கங்கு சிவந்திருந்தது, புகை கூடத்தையே மூடியது. நேராக மகனிடம் போய் பொட்டியின் முதுகுக்கு நேரே தூபக்காலைத் தூக்கினாள்.

கீர்த்தி குறுக்கே கையை வைத்தாள். "வோணாம் அத்தே. ஓடுற மெஷினுக்குப் பொக காட்டக் கூடாது."

"அட, ஓடிக்கினு கீறப்பதாம்மா காட்டணும்! பின்னாடி ஓட்ட வயியா எப்டி இய்க்குது பாரு. அந்த அம்மனே வந்து வாங்கிக்கிற மாரி."

"எத்தினி நாளா காட்டுறீங்க?"

"நீ ஆடிக்கி உங்கம்மா வூட்டுக்குப் போனதுலேர்ந்து. செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும். உங்க கல்யாணத்துக்கு வந்தவளுங்க எல்லாம் அந்தப் பொட்டி மேலதானே கண்ணு வெச்சாளுங்க. அது நோவுல படுத்ததும் நீ அடுப்பாண்ட கீறப்ப தெனம் காட்டுனேன். நேத்து நீ உத்திரமேரூர் போயிருந்தப்பகூட மூணு சுத்து சுத்தி வெச்சேன். அதான் உசுரு வந்துச்சி."

ஜெகன் காதிலிருந்ததைக் கழற்றினான். இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்ட முகம்.

"கேட்டியா? எங்கம்மா சுத்திப் போட்டாங்க, அது சரியாச்சி. நீ இன்னா பண்ண? தொறந்த, மூடுன. அதுக்கு உன்ன பைக்ல வெச்சி இட்டுக்கினு போணுமா?"

கீர்த்தி அறைக்குள் போய் ஊறுகாய் மூடியைக் கொண்டுவந்தாள். மாமியார் கையிலிருந்த தூபக்காலில், கங்கின் நடுவில், அந்தக் கம்பளித் துண்டைக் கவிழ்த்தாள்.

முதலில் வாசனை வந்தது. நல்ல சாம்பிராணி, வெள்ளிக்கிழமை வாசனை. கோவிந்தம்மாளின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அடுத்த மூச்சில் மயிர் கருகுகிற நாற்றம் எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. உமி படபடவென்று வெடித்தது. ஜெகன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான்.

"அய்யய்யோ, சாமி நெருப்புல இன்னாத்தம்மா போட்ட?"

"நீங்க போட்டதுதான் அத்தே. அது வயித்துலேர்ந்து எடுத்தேன். பொகையில கீற பிசினு உள்ள போயி குப்பய ஒட்டிக்கினு காத்த அடச்சிடுச்சி. அதான் சூடு ஏறி நின்னுபோச்சி. நீங்க காட்டக் காட்டதான் அது செத்துச்சி."

வாசலில் நின்ற சுப்ரமணி இரண்டு தடவை மோந்து பார்த்தார். "நம்ம வூட்டு சாம்பிராணிதான்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கிலுகிலுப்பைக்குப் பொக போட்டு சாவடிச்சிக்கிறீங்க, ஆத்தாளும் புள்ளயும்! டேய், சொன்ன சொல்லுன்னு ஒண்ணு கீது. காலைல கொண்டு போயி வுடு."

மாமனார் தன் பக்கம் பேசினார் என்று கீர்த்தி ஏமாந்துபோகவில்லை. மருமகள் ஜெயித்ததில் அவருக்கு ஒன்றுமில்லை, மகன் தோற்றதில்தான் அவ்வளவு சந்தோஷம். எப்படியோ, வாயிலிருந்து வார்த்தை விழுந்துவிட்டது. அவளுக்கு அது போதும்.

கோவிந்தம்மாள் தூபக்காலைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலை நாலரைக்கு ஜெகன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான். "பைக்ல பெட்ரோல் இல்ல" என்று போர்வை சொன்னது. கீர்த்தி இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. எலுமிச்சம்பழச் சோற்றை டப்பாவில் அடைத்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தாள். ராத்திரி ஒருவழியாக மழை பெய்திருந்தது. ரோட்டில் வைக்கோல் ஈரம் மணந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் குவியல்கள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றன. மகனைப் போய்ப் போடச் சொல்லி, கடைசியில் சுப்ரமணியே எழுந்து போய்ப் போட்டது. அவர் ஒரு மூட்டைமேல் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவள் தனியாக நடந்து வருவதைப் பார்த்து, "வரலியா அவன்?" என்றார். கீர்த்தி தலையை ஆட்டினாள். அவர் எச்சிலைத் துப்பினார். ஐந்து மணிக்கு கம்பெனி பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பெண் தூக்கத்திலேயே நகர்ந்து இடம் விட்டாள். ஏழு மணிக்கு பூஜா அவளைப் பார்த்ததும் பெஞ்சு விளக்கைப் போட்டுவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் யாரும் எது முடியட்டும் என்று சொல்லவில்லை. பேச்சையே குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஐசக் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. கீர்த்தி அதைப் பொட்டியின் பக்கத்திலேயே வைத்து, "மாசம் ஒருவாட்டி தொறந்து தொடைங்க. எட்டு ஸ்க்ரூதான்" என்று ஜெகனிடம் சொன்னாள். அவன் அதைக் காது குடைய எடுத்துக்கொண்டான்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் கம்பெனியில் பெஞ்சுக்கெல்லாம் சந்தனம் வைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்கள். மறுநாள் லீவு. கீர்த்தி தலைக்குக் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது படையல் தயாராக இருந்தது. வாழையிலையில் பொரி, அவல், சுண்டல். எதிரே வரிசையாக டிராக்டர் சாவி, மண்வெட்டி, அரிவாள், படி, கதிர் அறுக்கிற பழைய கருக்கரிவாள், ஐசக்கின் பச்சைப் பிடி ஸ்க்ரூடிரைவர். எல்லாவற்றுக்கும் நடுவில் மனைப்பலகைமேல் பொட்டி. திரை நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், இரண்டு குமிழுக்கும் ஆளுக்கொரு துண்டு கதம்பம். இருந்தபோது கிடைக்காத மரியாதை.

கோவிந்தம்மாள் தூபக்காலை அதன் முதுகுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சுருங்கியிருந்தது.

"பொகய இய்க்கவே மாட்டேங்குதே" என்றாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் கீர்த்தி.

"முந்தாநேத்திலேர்ந்து எழல" என்றான் ஜெகன், சுவரைப் பார்த்துக்கொண்டு. அம்மா புகை காட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டியை வேலைக்குப் போகவிடாமல் மூன்று மாசம் நிறுத்தி வைத்தவனுக்கு, அம்மா கையிலிருக்கிற தூபக்காலை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லத் துணிச்சலில்லை.

கோவிந்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கீர்த்தி, நீ கொஞ்சம் பாரேன்மா. உன் கைராசி."

மாமியார் வாயிலிருந்து அது வந்ததும் கீர்த்தி வரிசையைப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரின் பச்சைப் பிடியில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"படச்சி வெச்ச ஆயுதத்த இன்னிக்கி எடுக்கக் கூடாது அத்தே. உங்களுக்குத் தெரியாததா?"

"நாளிக்கி விஜயதசமி. நாளிக்கி எடுக்கலாமே."

"நாளிக்கி எனுக்கு ஷிப்ட்டு கீது. அப்பால ஞாயித்துக்கெயமதான் லீவு. அன்னிக்கி மேலுக்கு நோவு இல்லன்னா பாக்குறேன்."

"ஞாயித்துக்கெயமையா?" என்று ஜெகன் திரும்பினான். "சனிக்கெயம மேட்ச்சுடி."

"அப்ப நீங்களே எடுங்க. எட்டு ஸ்க்ரூதானே. நாளிக்கி நல்ல நாளு."

சுப்ரமணி படையலுக்குக் கற்பூரம் கொளுத்தக் காத்திருந்தார். கையில் தீப்பெட்டியோடு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகன் வரிசையின் முன்னால் குந்தினான். பொட்டியைப் பார்த்தான், திருப்பினான், எட்டுத் திருகாணியையும் விரலால் தொட்டு எண்ணினான். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல் அதற்கு மேலே கையை நிறுத்தினான். பிறகு கீர்த்தியைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"எந்தப் பக்கமா திருவணும்?"

கீர்த்தி கம்பெனிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.